சொந்தக் கையால் ஒரு விமானம் – 9: மேகத்துக்குள் பனிக்கட்டி

அமெரிக்காவில் தம் வீட்டுக் கார் ஷெட்டிலேயே விமானம் கட்டி முடித்த ஒருவர், அதைக் கொண்டு ஊர் விட்டு ஊர் போகுமுன், 25 மணி நேரமோ 40 மணி நேரமோ குடியிருப்புகளுக்கு அப்பால் சோதனையாகப் பறந்து, இன்ன வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும் என்பது முதலான விவரங்களைத் தம் கைப்படக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இறக்கையில் பனி படிந்ததும் அந்தக் குறிப்பேடு முழுவதும் பொய்யாகிவிடுகிறது.

உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியவுடன் மேகத்து நீர்த்துளிகள் உறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், பற்றிக்கொள்ளத் தக்க ஒரு துகள் அகப்படாத வரையில், பூஜ்யத்துக்கு 10, 15 டிகிரி கீழேயும் அவை ஜலமாகவே மிதந்து திரிந்து, அவ்வழியே வரும் விமானத்தின்மேல் மோதிய பிறகே உறைந்து ஒட்டிக்கொள்ளும். சிறு துளிகள் வெளுப்பாகப் படியும். பெருந்துளிகளோ சற்று வழிந்தோடித் தெளிந்த கட்டியாக இறுகுவதால், கண்ணுக்கு எளிதில் புலப்படாத அவ்வகைப் பனியே அதிகப் பொல்லாதது.

பனியின் பாரந்தான் அபாயம் என்பதும் பிசகான அபிப்பிராயம். உப்புத்தாளின் சொரசொரப்பே உள்ள மெல்லிய படலம் இறக்கையின் முன்விளிம்பில் படிந்தாலும், தூக்கும் சக்தி 30 சதவீதம் வரை குறையவும் காற்றின் தடை 40 சதவீதம் வரை பெருகவும் கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பருத்த பாகம் எதிர்க்காற்றை முன்கூட்டியே விலக்கித் துளிகளையும் ஓரளவு ஒதுக்கிவிட, மெல்லிய விளிம்போ அவற்றை நேராக ஏற்றுக்கொள்வதால், விமானியின் பார்வைக்கு எட்டாத வால் சிறகில், இறக்கையைவிட விரைவாகவே பனி சேருகிறது. பர்ட் ரூட்டான் வடிவமைத்த 'லாங்-ஈஸி' போன்ற விமானங்களில், மூக்கருகே இருக்கும் சிறிய முன்னிறக்கையின் ஆதி வடிவம், வெறும் மழை நனைத்தாலே சக்தி குன்றி மூக்கைத் தாழ்த்திவிடும் சுபாவமுடையதாக இருந்தபடியால், பின்னர் ஜான் ரான்ஸ் வகுத்த வேறொரு வடிவத்தை மேற்கொண்டார்கள். மழைக்கே இந்தப் பாடு என்றால் பனிக்குக் கேட்பானேன்!

பெரிய விமானங்களுக்கு, உப்பிப் பனியை உடைக்கும் ரப்பர் உறைகளும், உஷ்ணக் காற்றால் இறக்கையைச் சூடாக்கும் சாதனங்களும் உண்டு. பின்னதன் ஆராய்ச்சிக்காக லூயிஸ் ரோடர்ட் 1946-ஆம் வருஷத்துக் காலியர் பரிசைப் பெற்றார். வீட்டில் கட்டிய விமானத்திலோ, பெரும்பாலும், வேகத்தை அறியும் குழாய்க்குச் சூடேற்றும் கம்பி ஒன்று இருந்தால் அதுவே அதிகம். ஆகவே, 1927-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் நள்ளிரவில், சுமார் 10,000 அடி உயரத்தில், மேகத்துள் பனி படியக் கண்ட லிண்ட்பர்க், பாரிஸை நோக்கிய பிரயாணமாயிற்றே என்று தயங்காமல் வந்த வழியே திரும்பித் தெளிந்த ஆகாயத்துக்கு வெளியேறிய யுக்தியைத்தான் இவர்களும் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திரும்ப வழியின்றிப் பனியோடேயே இறங்க நேர்ந்தால், 'ஃபிளாப்' எனும் இறக்கை மடல்களைத் தாழ்த்தாமல், வழக்கத்துக்கு மேற்பட்ட வேகத்தோடு, நீண்ட ஓடுபாதையை நாடுவதே உசிதம். மெதுவாக, அழகாக இறங்கும் சாமர்த்தியத்தை வேறொரு நாள் காட்டிக்கொள்ளலாம்.

(தொடரும்)