ஓடைக்கரையில் பிறக்கும் கலப்பினம்

வடகரையில் சாரல் தொடங்கிவிட்டால், மேற்கு மலையின் ஓடைக்கரைகளே என் நினைவில் நிற்கும். பூவும் விதையுமற்ற மரப்பெரணிகள் பிறப்பது அத்தகைய இடங்களில்தான். ஈரமண்ணில் விழுந்த ஸ்போர், நகக்கண் அளவுள்ள பச்சைத் தகடாகிறது. அதன் ஆண் அணு நீர்ப்படலத்தில் நீந்திப் பெண் அணுவை அடைகிறது. அண்டைத் தகடு வேற்றினமாயின் கலப்பினம் தோன்றும்.

பிற பெரணிகளில் கலப்பினம் பெரும்பாலும் மலடு. மரப்பெரணிக் குடும்பத்திலோ குரோமோசோம்கள் பொதுவாக 69 இணைகள். ஆகவே கலப்பினமும் வளமான ஸ்போர்களை ஈன்று, புதிய இனத்துக்கே வழிவகுக்கலாம். 1970களில் போர்ட்டோ ரிக்கோ மலைகளில் டேவிட் கோனன்ட் ஆராய்ந்தது இதையே.

நமக்குத் தெற்கே அகத்தியமலையிலும் சயாத்தியா ஜைஜான்டியா, சயாத்தியா நீல்கிரென்சிஸ் முதலிய இனங்கள் உள்ளன. காப்புப் பட்டியல்களோ இனப்பெயரை மட்டுமே அறியும். ஓடைக்கரையைச் சுரண்டிப் பாதை போட்டால், முதிர்ந்த மரம் நின்றுகொண்டுதான் இருக்கும். தகடுகள் முளைக்கும் ஈரம் போய்விடும்.