முட்டைக்குள் போன மருந்து

"முப்பது வருஷமா மருந்து அடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிருச்சு?" கூட்டங்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்பவர் திடகாத்திரமாகத்தான் இருப்பார். அவரிடம் நான் முதலைக் கதையைச் சொல்வேன்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் அபாப்கா என்று ஒரு பெரிய ஏரி. கரையில் அப்போது காய்கறிப் பண்ணைகள் இருந்தன. அந்த வடிகால் தண்ணீரும் ஏரிக்குத்தான் போனது. 1980இல் பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து டைகோஃபாலும் டி.டி.டி.யும் ஏரியில் கலந்தன. டைகோஃபால் நமக்கும் பழகிய சரக்குதான். மிளகாய், பருத்தி, தேயிலையில் சிலந்திப்பூச்சிக்கு அடித்தது, டி.டி.டி.யிலிருந்தே தயாரிப்பது.

அடுத்த சில ஆண்டுகளில் குட்டி முதலைகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. பெரிய முதலைகள் சாதாரணமாகவே திரிந்தன. லூயிஸ் கில்லெட் என்ற ஆய்வாளர் பார்த்தபோது முட்டைகள் சரியாகப் பொரியவில்லை. பொரிந்த ஆண் குட்டிகளுக்கு ஆண் ஹார்மோன் குறைவு, உறுப்பும் சிறுத்திருந்தது. பெண் குட்டிகளின் சூலகமும் ஒழுங்காக இல்லை.

1994இல் வேறு ஆய்வாளர்கள் ஆமை முட்டைகளை எடுத்தார்கள். சில ஆமைகளில் ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் இடத்தின் சூடுதான் முடிவு செய்யும். ஆண் பொரிய வேண்டிய சூட்டில் வைத்து, ஓட்டின் மேல் பி.சி.பி. என்ற ரசாயனத்தைத் தடவினார்கள். பெண் குஞ்சுகள் வந்தன! டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த ரசாயனத்தைக் கரு ஹார்மோன் என்று நம்பிவிட்டது.

வளர்ந்த உடம்பில் ஹார்மோன் ஏறும், இறங்கும், நிதானத்துக்கு வந்துவிடும். கருவில் அது உறுப்பைக் கட்டச் சொல்லும் உத்தரவு. நெல் சூல் கட்டும்போது தண்ணி தவறினா, அப்புறம் மடையைத் திறந்துவிட்டும் பதர்தானே?

மனுசருக்கும் இது நடந்திருக்கிறது. டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன் மாத்திரையைக் கரு கலையாமலிருக்க 1940கள் முதல் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். தாய்மாரிடம் அப்போது எதுவும் தெரியவில்லை. அவர்களுடைய மகள்களில் சிலருக்கு, பதின்வயதிலும் இருபதுகளிலும், அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்ததை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அது மாத்திரை, அளவும் அதிகம்; வயலில் அடிப்பதோடு அப்படியே ஒப்பிட மாட்டேன். ஆனால் தாயைத் தாண்டிப் பிள்ளையில் வெளிப்படும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

டைகோஃபாலை 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்க வேண்டிய நஞ்சாகச் சேர்த்துவிட்டார்கள். கடையில் வேறு பெயர்கள் நிறைய இருக்கின்றன.

நம்ம பக்கம் மிளகாய் பறிக்க வருவது பெரும்பாலும் பெண்கள். மருந்து அடித்த இரண்டு மூன்று நாளில், கையுறை இல்லாமல், செடிக்குள் இறங்குகிறார்கள். கருவில் உறுப்புகள் உருவாவது மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள். நாள் தள்ளிப்போயிருக்கா இல்லையான்னு அந்தப் பொண்ணே விரல்விட்டு எண்ணிக்கிட்டிருக்கும் நேரம் அது. ஒரே வருஷத்தில் முழுசா விட முடியாதவங்க, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். அடித்த தேதியைப் பறிக்க வருகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.