ஏழை யார்? பொது நெறியும் ஜகாத் கணக்கும்



"ஏழைக்கு உதவு என்று எல்லா மார்க்கமும் சொல்கிறது. யாரும் மறுக்காத பேச்சு. ஆனால் யாருக்கு, எவ்வளவு என்று அது சொல்வதில்லையே, அதனால் என்ன பயன்?" என்று சென்ற ரமலானில் எங்கள் கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். நம் மாவட்டத்து மகிபாலன்பட்டிக்காரர் என்று சொல்லப்படும் கணியன் பூங்குன்றனார் எல்லோரையும் உறவாக்கிப் பாடினார். அந்த உறவுகளில் பத்துப் பேர் ஒரே நாளில் மனுவோடு வந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது? கேள்வி நியாயமானதுதான்.

அன்று எங்கள் முன் இருந்தது கணவரை இழந்த ஒரு சகோதரியின் மனு. ஓட்டு வீடு சொந்தம். கையில் சிறு சேமிப்பு. கணவரின் வைத்தியத்துக்கு வாங்கிய கடனோ அதைப்போலப் பல மடங்கு. "சொந்த வீடு இருப்பவர் எப்படி ஏழை?" என்றார் ஓர் உறுப்பினர். குடியிருக்கும் வீடு கணக்கில் சேராது என்றார் ஆலிம். குர்ஆன் 9:60 வசனம் ஜகாத் பெறத் தகுந்தவர்களாகச் சொல்லும் எட்டு வகையினரில் கடன்பட்டோர் தனி வகை. கால் மணி நேரத்தில் முடிவாயிற்று. உதவு என்ற ஒரு சொல்லைச் செயலாக்க இமாம்கள் இவ்வளவு உழைத்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் சட்டமே போதுமா? நிஸாபைப் பாருங்கள். தங்கத்துக்கு 20 மிஸ்கால், அதாவது சுமார் 85 கிராம். வெள்ளிக்கு 200 திர்ஹம், சுமார் 595 கிராம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. இன்று அந்த வெள்ளியின் விலை அந்தத் தங்கத்தின் விலையில் சிறு பங்குதான். ரொக்கப் பணத்துக்கு எதை அளவாக வைப்பது? வெள்ளியை வைத்தால் கொடுப்பவர் கூடுவார்கள், ஏழைக்கு நல்லது என்பது உலமாக்களில் பலரின் கருத்து. எண் இரண்டாகப் பிரிந்த இடத்தில் வழி காட்டியது, வெறுஞ்சொல் என்று அந்த இளைஞர் நினைத்த அதே நெறிதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் நிஸாப் அளவு உள்ளவர் ஜகாத் பெற முடியாது. வெள்ளிக் கணக்குப்படி பார்த்தால், கடன் இல்லாவிட்டால், அந்தச் சகோதரியின் சிறு சேமிப்பே அவரை வசதியுள்ளவராக்கியிருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் வருமானம் தேவைக்குப் போதுமா என்றே பார்க்கிறார்கள். எங்கள் குழுவில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இதில் இன்னும் பேச்சு நடக்கிறது.

இப்போதைக்கு விண்ணப்பப் படிவத்தில் 'சொந்த வீடு உண்டா?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'கடன் எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு?' என்று சேர்த்திருக்கிறோம். புதிய படிவம் ஷஅபான் மாதம் முதல் அலுவலகத்தில் கிடைக்கும்.