கடல் கடந்து ஆடிய நம் மகள்



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாயிலில் நின்றிருந்தேன். ஒரு தாய் தயங்கியபடி வந்தார். "சாமி, பொண்ணு பெரியவளாயிட்டா. இனிமே பந்து விளையாடப் போக வேண்டாம்னு அவங்கப்பா சொல்றார். நீங்களும் அவளுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார். அன்று நான் மறுமொழி கூறவில்லை. இன்று கூறுகிறேன்.

கூடைப்பந்தாட்டம் 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், இறையியல் பயின்றவர். உடலைப் பண்படுத்துவதும் ஆன்மப் பணியே என்று நம்பியவர். மறு ஆண்டே செண்டா பெரென்சன் என்னும் ஆசிரியை, தம் கல்லூரிப் பெண்களுக்கு அவ்விளையாட்டைக் கற்பித்தார். ஆக, இது பெண்களுக்குப் புதிதன்று. அவர்களுடையதாகி நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

கேரளத்தின் கோட்டயம் அருகே கொல்லாடு என்னும் ஊர். அங்கே 1985-இல் பிறந்தவர் கீத்து அன்னா ஜோஸ். ஆறடி இரண்டு அங்குல உயரம். "இவ்வளவு உயரமான பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று கவலைப்படும் வீடுகள் நம்மிடையே எத்தனை! அவருக்கோ அவ்வுயரமே இறைவன் அளித்த தாலந்தாயிற்று. சங்கனாசேரியில், விண்ணேற்பு அன்னையின் பெயர் தாங்கிய கத்தோலிக்க மகளிர் கல்லூரியில் பயின்றார். பின்னர் தென்னக இரயில்வேயில் பணி பெற்றுச் சென்னை வந்தார். 2006-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை அடுத்த ரிங்வுட் ஹாக்ஸ் அணி அவரை அழைத்தது. பழக்கமில்லாத குளிர், புரியாத பேச்சு, தம்மினும் வலிமை மிக்க எதிராளிகள். இவற்றிடையே அவர் ஆடினார்.

2011-இல் அமெரிக்கத் தொழில்முறை மகளிர் அணிகளான சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்றும் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. மூன்றிலும் இடம் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் ஆட்டத்தைத் துறந்தாரில்லை. 2014-இல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. கதவு திறவாமற் போவது தோல்வியன்று; தட்டாமலே இருந்துவிடுவதுதான் தோல்வி.

"மணமானால் எல்லாம் முடிந்துவிடுமே" என்பீர்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையைப் பாருங்கள். தாயான பின்னரும் களம் திரும்பி, 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடி வென்றார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம் தருமபுரி மாவட்டம் பெண் சிசுக்களின் கண்ணீரை அறிந்த மண். 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கும் விரிக்கப்பட வேண்டியிருந்ததை நாம் மறக்கலாகாது. பெண்மகவை உயிரோடு விட்டுவைத்ததோடு நம் கடமை முடிந்துவிடுமோ? அவளுக்கு இறைவன் தந்த கால்கள் ஓட வேண்டாமா? பந்தயத்தில் ஓடுவோரை விசுவாச வாழ்வுக்கு உவமையாக்கிய புனித பவுலடியார், ஓட்டத்தை ஆண்களுக்கென்று ஒதுக்கினாரில்லை.

பாதுகாப்பைப் பற்றிய அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து மகளை வீட்டில் அடைப்பதன்று. பயிற்சி நேரத்தை அறிந்துகொள்ளுங்கள், பயிற்சியாளரிடம் பேசுங்கள், மாலையில் தந்தையே சென்று அழைத்து வாருங்கள்.

அந்தத் தாய்க்கு என் மறுமொழி இதுவே: அம்மா, புத்தி சொல்ல நான் வருகிறேன், ஆனால் உங்கள் மகளிடமன்று, அவள் தந்தையிடம்.