பழைய வேனும் பார்க்காத கணக்கும்

நம்மவர்களில் பெரும்பாலானோரின் கடை வாசலில் ஒரு பழைய வேன் நிற்கும். அது எவ்வளவு காலம் ஓடியது என்று கேட்டால் பெருமையோடு சொல்வோம். அதற்கு வருடத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. நானும் அப்படித்தான் இருந்தேன். மாவனெல்லையில் அலுமினியம், பிளாஸ்டிக் சாமான்களை மொத்தமாக விற்பவன் நான். சாமானின் கொள்விலை, விற்பனை விலை, கழிவு எல்லாம் சதக்கணக்கில் மனப்பாடம். ஆனால் அந்தச் சாமானைச் சுமந்து வரும் 1992ஆம் ஆண்டு ஜப்பான் டீசல் வேனுக்கு ஒரு பக்கக் கணக்குக்கூட இருக்கவில்லை. பாஸ் கேட்ட காசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அது வீட்டுச் செலவோடு செலவாகப் போய்விடும்.

2023ஆம் ஆண்டு நோன்புக்கு ஒரு வாரம் முன்னர் நடந்த சம்பவம்தான் என் கண்ணைத் திறந்தது. கம்பளையில் ஒரு கடைக்கு நோன்பு காலச் சாமான் ஏற்றிக்கொண்டு போன வேன் கடுகண்ணாவை ஏற்றத்தில் புகை கக்கி நின்றுவிட்டது. சாரதித் தம்பி தொலைபேசியில், “ஹாஜி, ஹீட் முள்ளு ஏறவே இல்ல, ஆனா தண்ணி எல்லாம் போய்ட்டு” என்றார். எஞ்சினின் தலை வெடித்திருந்தது. சாமான் மூன்று நாள் தாமதமாகப் போனது. அதற்குள் அந்தக் கடைக்காரர் கண்டியில் வேறொருவரிடம் வாங்கி அடுக்கிவிட்டார். பதினொரு வருட வாடிக்கை. சண்டை ஒன்றும் இல்லை, இன்றும் கண்டால் ஸலாம் சொல்லிக்கொள்வோம். ஓடர் மட்டும் வருவதில்லை.

அந்த முள்ளு ஏன் ஏறவில்லை என்பதைச் சொல்ல வேண்டும், பலருக்குப் பயன்படும். வெப்பத்தை அளக்கும் சென்சர் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்டால் அது காற்றிலும் ஆவியிலும் நிற்கும், முள்ளு கீழேயே கிடக்கும். சாரதியோ முள்ளை நம்பி மிதித்துக்கொண்டே போவார். ஆகவே முள்ளு வழமைக்கு மாறாகக் கீழே இறங்கினாலும் அது எச்சரிக்கைதான்.

தண்ணீர் ஏன் போனது என்று விசாரித்தபோது இன்னொரு கதை வெளிவந்தது. சில வருடங்களுக்கு முன் வேன் சற்றுச் சூடாகியபோது, ஒரு கராஜில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் நாட்டில் இது சாதாரணமாகச் செய்யப்படும் ‘வைத்தியம்’. “குளிர் நாட்டுக்குத்தான் அது தேவை, எங்கட நாட்டுக்குத் தேவையில்லை” என்பார்கள். உண்மை அப்படியல்ல. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வர நீண்ட நேரம் எடுக்கும், அதுவரை டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். அதைவிட முக்கியமானது ஒன்று. பல ஜப்பான் எஞ்சின்களில், சூடேறியவுடன் பக்கவழியை அடைத்துத் தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்புவதும் அந்தத் தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் பக்கவழி திறந்தபடியே கிடக்கும். ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பி வரும். சமதரையில் தெரியாது. சுமையோடு ஏற்றம் ஏறும்போது தெரியும். இத்தோடு நாங்கள் கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்ததால் ரேடியேட்டர் உள்ளே துருவும் படிவும் பிடித்துப் பாதி அடைபட்டிருந்தது. சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இது.

அந்த வாரமே ஒரு கொப்பியை எடுத்து வேனுக்கென்று தனிக் கணக்கு எழுதத் தொடங்கினேன். கடந்த மாதங்களின் பில்களையும் தேடிச் சேர்த்து, 2023 முழு வருடத்துக்கும் கணக்கை முடித்தேன். இன்ஜெக்டர் பம்பும் நொசில்களும் 135,000 ரூபா. எஞ்சின் தலை வேலை 165,000. ரேடியேட்டர் 40,000. நான்கு டயர் 108,000. பற்றரி 38,000. பிரேக், ஸ்டீரிங் சில்லறை வேலைகள் 64,000. எல்லாமாக ஐந்தரை இலட்சம்.

இதைப் பார்த்துவிட்டு மூத்த மகன், “வாப்பா, வேனை வித்துப்போடுங்க” என்றார். பெரும்பாலானோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஐந்தரை இலட்சமும் வேன் பழையது என்பதால் வந்த செலவல்ல. டயர், பற்றரி, பிரேக் எல்லாம் புது வாகனத்துக்கும் வரும். அந்த 210,000 ரூபாவைக் கழித்தால் பழமைக்காக நான் கொடுத்தது 340,000 ரூபா.

ஆனால் பில்லில் வராத செலவுகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது டீசல். சரியான நிலையில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய வேன் இப்போது 9தான் ஓடியது. வருடத்துக்கு 18,000 கிலோமீற்றர் ஓட 1,500 லீற்றர் போதும், நான் ஊற்றியது 2,000. லீற்றரை 300 ரூபா என்று குறைத்து வைத்தாலும் மேலதிகமாக 150,000 ரூபா. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாவைத் தொட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். 121 ரூபாவில் இந்த 500 லீற்றரின் நட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. விலை ஏறிய பின்னர் அதுவே ஒரு சம்பளம் போல மாறிவிட்டது.

இரண்டாவது, வேன் ஓடாத நாட்கள். அந்த வருடம் 23 நாட்கள் கராஜில் கிடந்தது. பத்து நாட்களுக்கு வாடகை வேன் பிடித்தேன், நாளுக்குச் சராசரி 15,000 ரூபா. அந்நாட்களில் சொந்த வேனுக்கு ஊற்றாத டீசல் முப்பதாயிரத்தைக் கழித்தால் நிகரச் செலவு 120,000. மற்ற 13 நாட்களில் விநியோகமே நடக்கவில்லை. அதற்கும் கம்பளை வாடிக்கைக்கும் என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

கூட்டிப் பார்த்தால் 610,000 ரூபா. மாதத்துக்கு ஏறக்குறைய 51,000. ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 34 ரூபா.

சரி, விற்றுவிட்டு வேறு வாங்கினால் என்ன? இதற்கும் பென்சிலை எடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் நாட்டில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியபோது இன்னும் ஏறியது. 2009இல் 14 இலட்சத்துக்கு வாங்கிய என் வேனை 30 இலட்சத்துக்குக் கேட்டார்கள். இலாபம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் விளங்கியது, அதற்குப் பதிலாக வாங்கக்கூடிய ஓரளவு புதிய வேன் 75 இலட்சம் என்று. குடியிருக்கும் வீட்டின் விலை ஏறுவது போலத்தான் இதுவும். பேசிக்கொள்ளலாம், செலவழிக்க முடியாது.

மேலதிகமாகத் தேவைப்படும் 45 இலட்சத்தை எங்கிருந்து எடுப்பது? வட்டி லீசிங் எனக்கு வேண்டாம். நம்மில் பலர் பழைய வாகனத்தோடு மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை வெளிப்படையாகவே சொல்லலாம். இன்று அந்தக் காரணம் முன்னர் போல் பலமானதல்ல. 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின்னர் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி பிறந்தது. இஜாரா முறையில் நிறுவனம் வாகனத்தைத் தன் பெயரில் வாங்கி நமக்கு வாடகைக்குத் தந்து, முடிவில் உரிமையை மாற்றித் தரும் ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனால் ஹலாலான வழி என்பதற்காக மாதத் தவணை சிறியதாகிவிடாது. தவணையைத் தாங்கும் வருமானம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நான் பார்த்த வழி, கடைச் சரக்கிலிருந்து 45 இலட்சத்தை உருவுவது. என் சரக்கு வருடத்துக்கு நான்கு தடவை புரளும். ஒவ்வொரு புரளலிலும் செலவு போக நூற்றுக்கு ஐந்து கிடைக்கும். அப்படியானால் 45 இலட்சம் வருடத்துக்கு 9 இலட்சம் உழைக்கிறது. 610,000 ரூபா நட்டத்தைத் தவிர்க்க 9 இலட்ச உழைப்பைக் கைவிடுவதா? புது வேனின் பெறுமதித் தேய்வை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஆக, என் கணக்கில் பழைய வேனை வைத்திருப்பதே சரி என்று வந்தது. இது என் கணக்கு. சரக்கு வருடத்துக்கு இரண்டு தடவை மட்டுமே புரளும் ஒருவருக்கு அதே 45 இலட்சம் நாலரை இலட்சம்தான் உழைக்கும். அவருக்கு விடை மாறலாம். கையில் காசு சும்மா கிடப்பவருக்கு நிச்சயம் மாறும்.

காசுக் கணக்குச் சரி, உயிர்க் கணக்கு? கடுகண்ணாவையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாத எண்ணெய், சுமையோடு இறங்கும்போது சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும், பெடல் தரைவரை போகும். எண்ணெயை மாற்றும் செலவு ஒரு டயரின் விலைக்குப் பக்கத்திலும் வராது. டயரைச் சொன்னதால் ஒன்று: பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் காட்டினாலும் இந்த இலக்கத்தைப் பார்த்த பின்னர் காசைக் கொடுங்கள். அதேபோல் பெல்ட் வைத்த டீசல் எஞ்சின் என்றால், பழைய வேனை வாங்கியவுடன் டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டு மீற்றரில் உள்ள தூரத்தை எழுதி வையுங்கள். முன்னைய சொந்தக்காரர் மாற்றினாரா என்பதும், அந்த மீற்றர் உண்மையா என்பதும் அல்லாஹ்வுக்கே வெளிச்சம். பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும்.

உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது ‘ஒரிஜினலா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். எந்த நாட்டில் செய்தது, பாவித்ததா புதிதா, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கதவுப் பிடிக்குக் கொப்பிச் சாமான் போதும். பிரேக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போதாது. கராஜிலும் பில் கேட்டுப் பழகுங்கள். வருமான வரிக் கணக்குக்கு அது தேவை என்பதோடு, எந்தச் சாமானை எப்போது மாற்றினோம் என்ற ஞாபகமும் அதுதான்.

காப்புறுதி அல்லது தகாஃபுல் புதுப்பிக்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. தவணைப் பணத்தைக் குறைப்பதற்காக 30 இலட்ச வேனைப் பழைய பெறுமதியான 15 இலட்சத்துக்கே பதிந்து விடுகிறோம். பல ஒப்பந்தங்களில், பாதிப் பெறுமதிக்குப் பதிந்திருந்தால் விபத்து நட்டத்திலும் பாதிதான் கிடைக்கும். பழைய வாகனங்களுக்குப் புதுப் பாகம் போடும்போது அதில் ஒரு பங்கை நம் தலையில் போடும் நிபந்தனையும் இருக்கக்கூடும். அந்தச் சிறிய எழுத்துக்களை வாசியுங்கள்.

ஒரு நண்பர் கேட்டதற்காக: சரக்குக்கு ஸகாத் உண்டு, ஆனால் தொழிலுக்குப் பாவிக்கும் வேனின் பெறுமதியை அதில் சேர்ப்பதில்லை. வாகனத்தை விற்பதற்கென்றே வாங்கி வைத்திருந்தால் அது வியாபாரச் சரக்காகிவிடும். திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வைத்த காசும் காசுதான். அவரவர் விவரத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

2024 நடுப்பகுதியிலிருந்து நான் செய்திருக்கும் மாற்றம் சிறியது. வாரம் ஒரு தடவை புறக்கோட்டைக்கு வேனை அனுப்புவதை நிறுத்திவிட்டேன். போக வர 180 கிலோமீற்றர், 20 லீற்றர் டீசல், சாரதியின் நாட்செலவு எல்லாமாக 8,500 ரூபா போய்க்கொண்டிருந்தது. இப்போது ட்ரான்ஸ்போர்ட் லொறியில் 9,000 ரூபாவுக்குச் சாமான் கடை வாசலுக்கே வருகிறது. ஐந்நூறு ரூபா கூடுதல்தான், ஆனால் வேனின் வருட ஓட்டம் பாதியாகிவிட்டது. அது கேகாலைக்கும் அரநாயக்கவுக்கும் சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் மட்டும் போகிறது. கண்டிப் பக்கம் பெரிய ஓடர் வந்தால் வாடகை வாகனம், அந்தக் கூலியை விலையிலேயே சேர்த்துவிடுகிறேன். மாதம் 25,000 ரூபா வேனுக்கென்று தனி உறையில் போகிறது, பாஸுக்குக் கொடுப்பது லாச்சியிலிருந்தல்ல, அந்த உறையிலிருந்து.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதும் மகன் பழைய பேச்சை எடுத்தார். இறக்குமதி வரிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு அவரே அமைதியாகிவிட்டார். ஒரு நாள் விற்கத்தான் போகிறேன். வாங்க வருபவரிடம் 2023இல் எஞ்சின் தலை வெடித்த விடயத்தைச் சொல்லி, கொப்பியையும் கையில் கொடுத்துத்தான் விலை பேசுவேன். முப்பது இலட்சம் கிடைக்காது என்பது தெரியும். அதையும் கணக்கில் எழுதிவிட்டேன், இருபத்தாறு என்று.