விண்ணொளிக்கு ஓர் அளவுகோல்

கதிரவனில் முதலிற் காணப்பெற்று, 27 ஆண்டுகள் கழிந்த பின்னரே புவியில் அகப்பட்ட மூலகம் ஈலியம். அதன் வரலாறு அந்நாளைய சென்னை மாகாணத்திலே தொடங்கியது. 1868 ஓகஸ்ட் 18 ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நோக்கப் பிரான்சிய அறிஞர் ஜான்சென் குண்டூருக்கும், சென்னை வானாய்வு நிலையத்துப் பொக்சன் மசூலிப்பட்டினத்துக்கும் சென்றிருந்தனர். கதிரவன் விளிம்பில் எழுந்த சுவாலைகளின் ஒளியைப் பிரித்து நோக்கியபோது மஞ்சட் பகுதியில் ஒரு கோடு ஒளிர்ந்தது. அதனைச் சோடியத்தின் கோடென்றே கருதினாரும் உளர்.

சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நனோமீற்றர் அலைநீளத்தன. புதுக் கோடோ 587.6. கண்ணுக்கு யாவும் மஞ்சளே. அவ்வாண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தில் லொக்கியர் அளந்து பார்த்து, அது சோடியத்துக்குரிய இடத்தில் இல்லையெனக் கண்டார். 1895 இல் இராம்சே, யுரேனியக் கனியமொன்றிலிருந்து வெளிப்பட்ட வாயுவிலே அக்கோட்டைக் கண்டார்.

தியலும நீர்த்தூவலில் வானவில்லைக் கண்டு களித்த நம் மாணவர்க்கு நிறப்பிரிகை புதிதன்று. (திருசியம், நிறமாலை என இருவழக்கு உண்டு, தமிழாசிரியராகிய நாம் பின்னதையே விரும்புவோம்.) சிறு தொலைநோக்கியில் நிறமாலைக் கருவியை இணைத்து விண்மீனொளியைப் பதியும் ஆர்வலர் இன்று பல நாடுகளில் உளர். ஆனால், கோடு படத்தில் எத்தனையாவது புள்ளியில் விழுந்தது என்பதை மட்டுமே கமரா காட்டும். அப்புள்ளியை அலைநீளமாக்க, முன்னரே அளந்தறியப்பட்ட கோடுகளைத் தரும் வாயு விளக்கொன்று வேண்டும்.

அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மின்சாரம் உண்டோ எனப் பார்க்கும் ரெஸ்ரரில் செம்மஞ்சளாய் மினுங்குவது நியோன். அதன் கோடுகளுட் சில 585.2, 614.3, 640.2 நனோமீற்றரில் அமையும். குழாய் விளக்கிலுள்ள இரசம் 435.8, 546.1 என்பவற்றைத் தரும். (விளக்கைக் கழற்றி மின்னிணைக்கும் வேலையை மின்தொழில் அறிந்தாரிடமே விடுக.) இரு கோடுகள் இருப்பின் அளவுகோல் ஒன்று வரையலாம், எனினும் அளவு எங்கும் ஒரே சீராய் இராது. ஆதலின் பல கோடுகளைக் கொண்டு வரைந்து, சேர்க்காது விட்ட ஒன்றினாற் சரிபார்த்தல் நன்று.

விளக்கொளியும் விண்ணொளியும் ஒரே பிளவின் வழியே, ஒரே பாதையிற் புகவேண்டும். கொஸ்லந்தை போன்ற மலைநாட்டில் இரவு ஏற ஏறக் குளிர் மிகும். கருவியின் உலோகம் சுருங்கிக் கோடுகள் இடம்பெயரும். ஆகவே விண்மீனைப் படமெடுக்குமுன் ஒருமுறையும் எடுத்தபின் ஒருமுறையும் விளக்கைப் பதிதல் வேண்டும்.

மஞ்சட் பகுதியில் 0.1 நனோமீற்றர் பிழைத்தால், அசையாத விண்மீனும் செக்கனுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாய்த் தோன்றும். புவி கதிரவனைச் சுற்றும் வேகமே 30 தான். கோடைக்கானலில் 1909 இல் எவர்செட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அறிந்ததோ, இதனினும் மிகச் சிறிய இடப்பெயர்ச்சியை அளந்தேயாம்.