ஆற்றில் கொட்டிய 9 டன் பாதரசம்... 50 ஆண்டுகள் கடந்தும் நியாயம் கேட்கும் கனடா பழங்குடிகள்! என்ன நடந்தது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு ரசாயன ஆலை 8 ஆண்டுகள் ஆற்றில் பாதரசத்தைக் கொட்டியது. கொட்டுவதை நிறுத்தி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால், அந்த ஆற்று மீனை நம்பி வாழ்ந்த கிராஸி நாரோஸ் பழங்குடி மக்களின் பாதிப்பு இன்னும் தீரவில்லை. 2024 ஜூன் மாதம் அவர்கள் மத்திய அரசு, மாகாண அரசு இரண்டின் மீதும் வழக்கு தொடர்ந்தனர். இத்தனை வருஷம் கழித்து ஏன் வழக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த மக்கள்?

ஒன்டாரியோவின் வடமேற்குப் பகுதியில், காடும் ஏரிகளும் சூழ்ந்த இடத்தில் வாழும் அனிஷினாபே பழங்குடிகள் இவர்கள். பக்கத்தில் உள்ள வாபாசீமூங் சமூகமும் இதே ஆற்று வழியில்தான் இருக்கிறது. மீன்தான் இவர்களுக்கு தினசரி சாப்பாடாக இருந்தது. வெளியூரிலிருந்து மீன் பிடிக்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போவதுதான் பலருக்கும் வருமானமாக இருந்தது.

ஆற்றுக்குள் பாதரசம் வந்தது எப்படி?

ஆற்றின் மேல்பகுதியில் டிரைடன் என்ற ஊர். அங்கே பெரிய காகித ஆலை. காகிதத்தை வெளுக்க குளோரின் வேண்டும். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி குளோரின் தயாரித்த பக்கத்து ரசாயன ஆலை, அந்தப் பணிக்குப் பாதரசத்தைப் பயன்படுத்தியது. 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசம் கழிவோடு கலந்து வாபிகூன் ஆற்றில் இறங்கியது.

ஆற்றுக்கு அடியில் உள்ள சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள், இந்தப் பாதரசத்தை 'மெத்தில் மெர்குரி'யாக மாற்றுகின்றன. ஆபத்தே இங்கேதான் ஆரம்பிக்குது. நுண்ணுயிர்களிடமிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு என ஒவ்வொரு படியிலும் நஞ்சின் அளவு பல மடங்கு கூடும். மக்கள் விரும்பிச் சாப்பிட்டதோ பெரிய வேட்டை மீன்களை. கழுவினாலும், வறுத்தாலும், கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

உடம்பை என்ன செய்யும்?

மெத்தில் மெர்குரி நேராக மூளையையும் நரம்புகளையும் தாக்கும். கை கால் மரத்துப்போவது, நடுக்கம், நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், காது மந்தம், பக்கவாட்டுப் பார்வை சுருங்குவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். கர்ப்பிணி சாப்பிட்டால் நச்சுக்கொடி வழியாக குழந்தைக்கும் போய்விடும்.

இதே பாதிப்பு ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956-ல் கண்டறியப்பட்டதால் 'மினமாட்டா நோய்' என்று பெயர். அந்த நோயை ஆராய்ந்த ஜப்பான் மருத்துவர் மசாசுமி ஹரடா, 1975-ல் கிராஸி நாரோஸுக்கு நேரில் வந்து மக்களைப் பரிசோதித்தார். மினமாட்டாவில் பார்த்த அறிகுறிகளை இங்கேயும் கண்டார்.

சாப்பாடும் போச்சு, வேலையும் போச்சு

1970-ல் ஒன்டாரியோ அரசு இந்த ஆற்றில் வணிக ரீதியான மீன்பிடிப்புக்குத் தடை விதித்தது. சுற்றுலா விடுதி மூடப்பட்டது. வழிகாட்டிகளுக்கு வேலை போனது. 'மீன் சாப்பிடாதீங்க' என்று சொல்வது சுலபம். ஆனால், கடையில் விற்கும் விலை உயர்ந்த உணவை வேலை இல்லாதவர்கள் எப்படி வாங்குவது? பலரும் தொடர்ந்து அதே மீனையே சாப்பிட வேண்டிய நிலை. நோயோடு சேர்ந்து வறுமையும் வந்தது இப்படித்தான்.

நிரூபிக்க வேண்டியது யார்?

1980-களின் மத்தியில், இரு சமூகங்களுக்கும் சேர்த்து சுமார் 1.67 கோடி கனடா டாலர் இழப்பீடு தர ஒப்பந்தமானது. மாத உதவித்தொகை வழங்க தனி வாரியமும் அமைந்தது. தொகை 250 முதல் 800 டாலர் வரை. அதை வாங்க, தனக்கு இருப்பது பாதரச பாதிப்பின் அறிகுறிதான் என்று பாதிக்கப்பட்டவரே நிரூபிக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். உடம்பில் சேரும் மெத்தில் மெர்குரியில் பாதி, சுமார் 50 முதல் 70 நாட்களில் வெளியேறிவிடும். ஆனால், நரம்புக்கு ஏற்பட்ட சேதம் போகாது. பல வருஷம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். நடுக்கமோ அப்படியே இருக்கும். விண்ணப்பித்த பலரும் நிராகரிக்கப்பட்டனர். உதவித்தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தும் முடிவு நடைமுறைக்கு வந்ததே 2018-ல்தான்.

ஆனால், ஆதாரம் இல்லாமல் இல்லை. 1970 முதல் பல ஆண்டுகள் அரசுத் தரப்பே இந்த மக்களின் தலைமுடியையும் ரத்தத்தையும் சோதித்து வந்தது. அந்தத் தரவுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வு, பாதரச அளவு அதிகம் இருந்தவர்கள் சீக்கிரமே இறந்ததாகக் காட்டியது.

ஆற்றைச் சுத்தம் செய்ய முடியாதா?

முடியும் என்று 1980-களிலேயே விஞ்ஞானிகள் வழி சொன்னார்கள். 'காலப்போக்கில் ஆறு தானாகவே சரியாகிவிடும்' என்று விட்டுவிட்டது அரசு. சரியாகவில்லை. 2017-ல்தான் சுத்திகரிப்புக்காக 8.5 கோடி டாலரை மாகாண அரசு அறிவித்தது.

இதற்கிடையே 2024-ல் வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு விஷயத்தைச் சொன்னார்கள். டிரைடன் காகித ஆலையின் இன்றைய கழிவுநீரில் உள்ள சல்பேட்டும் கரிமப் பொருட்களும், சேற்றில் பழைய பாதரசம் மெத்தில் மெர்குரியாக மாறுவதை அதிகப்படுத்துகின்றன என்பதே அது. அதாவது, புதிதாகப் பாதரசம் கொட்டாவிட்டாலும் பிரச்னை வளரலாம்.

மக்கள் என்ன கேட்கிறார்கள்?

பாதரச பாதிப்பு உள்ளவர்களுக்கு ஊரிலேயே சிகிச்சை மையம் அமைப்பதாக மத்திய அரசு 2017-ல் வாக்குறுதி தந்தது. அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாகவே 2020 ஆகிவிட்டது.

இப்போதைய வழக்கின் அடிப்படை, 1873-ல் செய்துகொண்ட 3-வது உடன்படிக்கை. இந்த மக்களின் வேட்டை, மீன்பிடி உரிமைகளை அது அங்கீகரிக்கிறது. மீனையே சாப்பிட முடியாவிட்டால் மீன்பிடி உரிமைக்கு என்ன அர்த்தம் என்பதுதான் அவர்கள் எழுப்பும் கேள்வி. நியாயமான இழப்பீடு, சுத்தமான ஆறு இரண்டும் வேண்டும் என்கிறார்கள்.